கோகிலாவின் கும்பிடும் என் சென்சாரும்

1. பார் முன்னால் விழுந்தது

மாநில அணி செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் இருக்கையில் கோகிலாவுக்கு ஸ்னாட்ச் வராமல் போனது. எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவதுதான் ஸ்னாட்ச். வழக்கமாக விளையாட்டுப் போலத் தூக்கும் எடை, அன்று மூன்று முறையும் முன்னால் விழுந்தது.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண் அவள். அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி பிறக்கும் என்று வீடே காத்திருந்தது. கோவையில் இருபது வருடம் பளுதூக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

2. கிராஃப் சொன்னது

அந்த வருடம்தான் எங்கள் ஜிம்முக்கு ஒரு சென்சார் வந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதைப் பட்டையால் முதுகில் கட்டி, போனில் ஸ்டார்ட் அழுத்தினால், முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கிராஃப் வரும். செலக்‌ஷனுக்குப் போகிறவள் என்று கோகிலாவுக்கே கட்டினேன். அவள் பாருக்கு முன்னால் வந்ததும் அழுத்துவேன்.

பின்னால் சாய்கிறாள் என்றது கிராஃப். என் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தாள். மெஷினை விடவா எனக்குத் தெரியும் என்று, "இன்னுங் கொஞ்சம் முன்னால வா கண்ணு" என்று தினமும் திருத்தினேன். கிராஃப் அழகாகிவிட்டது. பார்தான் விழுந்தது. அதிலும் மாதத்தில் மூன்று நான்கு நாள் மட்டும், முன்னால் கவிழ்கிறாள் என்று தலைகீழாகக் காட்டியது. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

சென்சார் கம்பெனிக்காரருக்குப் போன் செய்தேன்.

"ஸ்டார்ட் அமுத்துனதும் அஞ்சு செகண்டு ஆளு நேரா நிக்கோணுமுங்க மேடம். அதத்தான் அது நேருன்னு எடுத்துக்கும்."

"நேராத்தானுங்க நிக்கறா!" என்று கத்தினேன். உண்மையில், அழுத்தும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது போனை.

3. கும்பிடாத நாட்கள்

கிராஃப் மாறிய தேதிகளைக் குறித்துக்கொண்டு அவளையே கேட்டேன்.

"ஏன் அம்மணி, இந்த நாளெல்லாம் என்ன வேற மாதிரி பண்ணுன?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணுமில்லீங்க மேடம். அப்பெல்லாம் ஊட்டுக்குத் தூரமுங்க. பாரத் தொட்டுக் கும்புடமாட்டனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதவிலக்கு நாட்களில் சாமி கும்பிடாதவள், பாரையும் கும்பிடுவதில்லை. மற்ற நாட்களில் நான் ஸ்டார்ட் அழுத்தும் நேரத்தில் குனிந்து பாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். நானும் என் காலத்தில் செய்ததுதான். அதனாலேயே அது கண்ணில் படவில்லை. அந்தக் குனிவைத்தான் சென்சார் நேர் என்று எடுத்துக்கொண்டு, நிமிர்ந்தவளைப் பின்னால் சாய்கிறாள் என்றிருக்கிறது. கும்பிடாத நாட்களில்தான் சரியாக அளந்து, என் திருத்தலால் அவள் முன்னால் கவிழ்வதைக் காட்டியிருக்கிறது. ஒழுங்காகத் தூக்கியவளைக் கெடுத்தது நான்.

இரண்டு வாரத்தில் பழைய பழக்கம் உடம்புக்குத் திரும்பவில்லை. செலக்‌ஷனில் மூன்று வாய்ப்பிலும் பார் முன்னால் விழுந்தது. நான்தான் அழுதேன். "உடுங்க மேடம், அடுத்த வருசம் தூக்கிக் காட்டறனுங்க" என்று அவள் என்னைத் தேற்றினாள். அது இன்னும் உறுத்துகிறது.

புதிதாகப் பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு போனைப் பாருங்கள். கோகிலா இப்போது கும்பிட்டு முடித்து, நிமிர்ந்து நின்று, என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் அழுத்துகிறேன்.