தடை இருந்தால் சொல்லலாம்

போதகர் செய்ய மறந்ததையும், கோயில் கூட்டுகிறவர் செய்ய மறுத்ததையும் சேர்த்துச் செய்கிற ஆளுக்குச் சபை ஊழியர் என்று பெயர். சங்கரன்கோவிலில் கோயிலுக்கு வழி கேட்டால் பெரிய கோபுரத்தைக் கைகாட்டுவார்கள். அது இல்லை என்றால், "வேதக்கோயிலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த வேதக்கோயிலில்தான் எனக்கு வேலை. என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம்; நம் வேலையில் முக்கால் பங்கு பயம். போதகருக்குப் பயம், கமிட்டிக்குப் பயம், ஜெபம் நடுவில் மைக் கரகரக்குமோ என்று பயம். பயப்படக் கூடாது என்று மேடையில் பேசிவிட்டு இறங்கும்போதே படி தடுக்குமோ என்று யோசிக்கிற ஆள் நான்.

ஆனால் போன வருஷம் வந்த பயம் வேறு. எங்கள் சபைப் பெண் ஒருத்தி கலியாணம் முடித்து உயிரோடு வீடு போய்ச் சேருவாளா என்கிற பயம். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே தூக்கம் போனது.

போன் நின்ற ஸ்டாண்டு

ஊரடங்கில் கோயிலைப் பூட்டியபோது ஆராதனையை யூடியூபில் லைவ் போட ஆரம்பித்தவள் பிளெஸ்ஸி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அப்பா இல்லை, அம்மா செல்வி அக்கா துணி தைத்து வளர்த்த பிள்ளை. தன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி நடுவழியில் நிறுத்துவாள். கோயிலைத் திறந்த பிறகும் லைவ் நிற்கவில்லை. துபாயில் இருக்கிறவர்கள் பார்த்தார்கள், முட்டுவலிக்காரர்கள் பார்த்தார்கள். அது நியாயம். அடுத்த தெருவில் இருக்கிறவர்களும் தோசை சுட்டுக்கொண்டே பார்க்க ஆரம்பித்ததுதான் எனக்குக் கவலை தந்தது. வாராவாரம் பெஞ்சில் காலி இடம் கூடிக்கொண்டே போனது.

கமிட்டியில் மூத்தவர் தங்கராஜ் அண்ணாச்சி, பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். அந்த ஸ்டாண்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தவர், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆண்டவரே திரும்பி வந்தாலும், லைவ் உண்டுமான்னு கேட்டுட்டு வீட்டுலயே இருப்பானுவோ வே."

ஓலை எழுத வந்தவள்

பிளெஸ்ஸி ஒருநாள் வேலை முடிந்து நேரே கோயில் ஆபீசுக்கு வந்தாள். மாப்பிள்ளை ஸ்டீபன், வாசுதேவநல்லூர்க்காரன், புளியங்குடி எலுமிச்சை மண்டி ஒன்றில் கணக்குப் பார்க்கிறான். அவனும் வேதக்காரன்தான், ஒரே பாட்டு, ஒரே ஜெபம். ஆனால் தெரு வேறு. நம் பக்கத்தில் தெரு வேறு என்றால் என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை. செல்வி அக்காவுக்குச் சம்மதம். பிளெஸ்ஸியின் பெரியப்பாவுக்குத்தான் சம்மதம் இல்லை. அவர் பக்கத்து ஊரான கரிவலத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர், ஒரு ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "அந்தத் தெருவுல காலை வச்சா காலு இருக்காது" என்று பிள்ளையிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்.

எங்கள் முறைப்படி கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருந்தால் சொல்லலாம் என்று ஊர், பேர், தகப்பன் பேரோடு சபை நடுவில் அறிவிக்கிறது. வாசிக்கிறது நான். என் வாயாலேயே பெரியப்பாவுக்குத் தகவல் போகும். "ரிஜிஸ்டர் ஆபீசுல முடிச்சுக்கிடலாமே தாயி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி, ஆனா எனக்கு ஞானஸ்நானம் குடுத்த இடத்துல வச்சுத்தான் எனக்குக் கலியாணம் நடக்கணும்."

கமிட்டி கூடியது

எங்கள் போதகர் வயதில் சின்னவர். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். காலம் மாறுகிறது, சபையும் யோசிக்க வேண்டும் என்று ஐயர் அடிக்கடி பிரசங்கம் செய்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த ஓலையைக் கமிட்டி முன்னால் வைத்தபோது ஒருவர் தலையும் ஆடவில்லை. மேலிடத்தில் விசேஷ அனுமதி வாங்கினால் ஓலை இல்லாமலே முடிக்கலாம் என்றார் ஒருவர். வேறு ஊர்க் கோயிலுக்கு அனுப்பிவிடுவோம், நமக்கெதற்கு வம்பு என்றார் இன்னொருவர். உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான்.

ஐயர் விடவில்லை. "ஒளிச்சு வச்சு நடத்தினா, அவங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்கன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும். எல்லாரும் ஒண்ணுன்னுதானே ஞாயித்துக்கிழமை தோறும் சொல்லுதோம்?" என்றார். தங்கராஜ் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்: "பிரசங்கத்துல ஒண்ணா இருக்கலாம் ஐயரே, கலியாணப் பத்திரிகையில ஒண்ணா இருக்க முடியுமா?"

முதல் ஓலை

கமிட்டி முடிவு சொல்லாமல் கலைந்தது; ஐயர், இங்கேயே வாசியுங்கள் என்று சொல்லிவிட்டார். ஓலை வாசிக்கும்போது யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். பையில் சில்லறை தேடுவார்கள், பிள்ளையைக் கிள்ளுவார்கள். அந்த ஞாயிறு ஒரு விசிறிச் சத்தம்கூட உறுத்துகிற அளவுக்கு அமைதி. பேர் வாசித்தேன், தகப்பன் பேர் வாசித்தேன், வாசுதேவநல்லூர் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. தடை இருந்தால் சொல்லலாம் என்று முடித்து, யாராவது வாய் திறப்பதற்குள் அடுத்த அறிவிப்புக்குத் தாவிவிட்டேன். பிளெஸ்ஸி எப்போதும் போல ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றாள்.

ஆராதனை முடிந்து கோயிலைப் பூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. லைவ் ஓடியிருக்கிறது. நான் சபைக்கு வாசித்ததை உலகத்துக்கே வாசித்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு யாரும் போய்ச் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை. பிளெஸ்ஸி போனை என்னிடம் நீட்டினாள். பேரில்லாத ஒரு கணக்கிலிருந்து கீழே எழுதியிருந்தது: "மத்த ரெண்டு ஓலையையும் நேர்ல வந்து கேக்கோம்."

இரண்டாம் ஓலை

அந்த வாரம் பைக் சத்தம் கேட்டாலே நான் வீட்டுக்குள் போய்விடுவேன். என் மனைவி இரண்டு தடவை, "லீவு போடுங்களேன்" என்றாள். ஐயர் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் வருவார் என்றார்கள். கேமராவை அணைத்துவிடலாம் என்று பிளெஸ்ஸியிடம் கெஞ்சினேன். அவள், "அணைச்சா உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாம போயிரும், ஓடட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டை இன்னும் பின்னால் தள்ளி, கடைசிப் பெஞ்சும் தெரிகிற மாதிரி வைத்தாள். கான்ஸ்டபிள் வரவில்லை. பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடி. கூட நாலைந்து பேர், கடைசிப் பெஞ்சில் நிறைந்து உட்கார்ந்தார்கள்.

வாசித்தேன். இந்தத் தடவை தாவ முடியவில்லை. "தடை இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. செல்வி அக்கா மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஐயர் மேடையிலிருந்து இறங்கி வந்து, மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். "ஏற்கெனவே கலியாணம் ஆனவங்களா, வயசு பத்தலையா, கிட்டின ரத்த உறவா? என்ன தடைன்னு சபைக்கு முன்னால நீங்க சொல்லணும். அதுதான் முறை" என்று கடைசிப் பெஞ்சு வரை போய் மைக்கைப் பெரியப்பாவிடம் நீட்டினார். அவர் ஐயரைக் கோபமாகப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். அது சிவப்புப் புள்ளியோடு ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி அவர் வாயையே பார்த்தார்கள். தடை என்று அவர் நினைத்த அந்த ஒரு சொல்லைக் கரிவலத்தில் கடைவாசலில் எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். கோயிலுக்குள் அது வாயில் வரவில்லை. மைக்கைக் கையால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இத எப்படிவே மைக்குல சொல்ல?"

மூன்றாம் ஓலை

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். அவர் வெளியே போகும்போது என் பக்கம் குனிந்து, "கலியாணத்தன்னைக்கு மைக்கு தேவப்படாதுலா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் ஞாயிறு அவர்கள் வரவில்லை. எங்கள் ஆட்களும் வரவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. முன்வரிசையில் செல்வி அக்கா, ஐயர் வீட்டம்மா, காது கேட்காத ஒரு பெரியவர், அங்கங்கே சில பெண்கள். மற்றபடி வெறும் பெஞ்சு. லைவில் மட்டும் என்றைக்கும் இல்லாத கூட்டம். வெறும் பெஞ்சுகளைப் பார்த்து, தடை இருந்தால் சொல்லலாம் என்றேன். எனக்கு அழுகை வந்தது. மத்தியானம் தங்கராஜ் அண்ணாச்சி போன் பண்ணினார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன். உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். "லைவ்ல பாத்தேன் வே, தெளிவா வாசிச்சீரு."

கலியாணம்

கலியாணத்தை வெளிகேட்டைப் பூட்டிக்கொண்டு நடத்தினோம். சாவி என்னிடம். அழைப்பு கொடுத்திருந்தவர்களே தட்டி, பேர் சொல்லி, நான் இடுக்கு வழியாகப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். கான்ஸ்டபிள் அன்றைக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். பாட்டு நடுவில் தெருவில் பைக்குகள் மெதுவாக வந்து, நின்று, திரும்பிப் போயின. யார் என்று இன்றுவரை தெரியாது. ஸ்டீபன் தாலி கட்டும்போது நான் பீடத்தைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே இருவரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். திரும்பி வருவது பற்றி யாரும் பேசவில்லை.

எல்லோரும் போன பிறகு செல்வி அக்கா தனியாக வந்தாள். கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டே, ஆண்டவர் வீட்டைப் பூட்டி வைத்துக் கலியாணம் நடத்தும்படி ஆகிவிட்டதே என்று அவளிடம் வருத்தப்பட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் சொன்னாள்: "பூட்டுக்கு உள்ளயாவது நடந்துச்சே, ஊழியரே."

இப்போது வேறொரு ஜோடி ஓலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது, தெரு வேறுதான்; மாறுகிற காலத்தில் சபை என்ன செய்ய வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிற பெரியவர்கள் பேசி முடித்ததும் அந்த மூன்று ஞாயிறும் நேரில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், தனியாக வாசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.