வீடு மாறிப் போன ஐஸ் பெட்டி

நான்கு வருடங்களுக்கு முன், ஏற்காட்டில் சாரல் விடாமல் அடித்த ஒரு ஐப்பசி மாதம். லாட்ஜில் பார்த்த ரிசப்ஷன் வேலை போய்விட, நாற்பத்தொரு வயதில், இறுதிச் சடங்குக்கு வேண்டியதை ஏற்பாடு செய்துதரும் கடை ஒன்றில் சேர்ந்தேன். சவப்பெட்டி, ஐஸ் பெட்டி, வண்டி, மாலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். முதலாளி ஒரு அக்கா. பயிற்சியில் கறார். தாடைக்குக் கட்டுப் போடுவது, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது, குறுகலான படியில் பெட்டியைக் குலுக்காமல் இறக்குவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். கடைசிப் பாடத்துக்கு நானே பிணமாகப் படுக்க வேண்டியிருந்தது. "படுத்துப் பாத்தாத்தானுங்க தூக்கறதோட அருமை தெரியும்" என்றார். படுத்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம், அக்கா சேலம் போயிருந்த காலையில் போன் வந்தது. மாரமங்கலம் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் இறந்துவிட்டார், ஐஸ் பெட்டி வேண்டும். பெயரைச் சொன்னார்கள். வழி சொல்வதற்குள் டவர் போய்விட்டது. தனியாகப் போகும் முதல் வேலை! மழைக்குத் தார்ப்பாய் சுற்றி, பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கே டீக்கடையில் பெயரைச் சொல்லி, ரைட்டர் வீடு எது என்று கேட்டேன். கை காட்டினார்கள். வாசலில் பந்தல் இல்லை, கூட்டமும் இல்லை. இனிமேல்தான் சனம் வரும்போல என்று நினைத்தேன். கதவைத் திறந்தவருக்கு எழுபது வயதிருக்கும். இறந்தவரின் தம்பியாக இருக்கும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஐயா, ஃப்ரீசர் கொண்டாந்திருக்கறனுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள வந்திருச்சா! பையன் வாங்கி அனுப்பறேன்னுதான் சொன்னான். வாங்க, வாங்க."

துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாக ஆட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவரே சோபாவை நகர்த்தி, பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.

"ஏனுங்க, நொம்ப நீளமா இருக்குதே?"

"யாரா இருந்தாலும் காலை மடக்க வேண்டியதில்லீங்க."

அவர் விழித்தார். நான் பிளக்கைச் சொருகிவிட்டு, "எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?" என்று பணிவாகக் கேட்டேன்.

"எடுக்கறதா? இப்பத்தானப்பா வெச்ச!"

நான் தார்ப்பாயை உருவவும், அவர் மனைவி காபியோடு வரவும் சரியாக இருந்தது. கண்ணாடி மூடியைப் பார்த்ததும் டம்ளர்கள் உருண்டன. "ஏனுங்க... இது எழவு ஊட்டுப் பெட்டிங்க!"

"யாருக்கு இது?" என்றார் அவர். பெயரைச் சொன்னேன். அது அவருடைய பெயர். பையன் வாங்கி அனுப்புவதாகச் சொன்னது வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னத்தில் ஒரு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப... அவன் போயிட்டானா?"

ஒரே எஸ்டேட்டில், ஒரே பெயரில் இரண்டு ரைட்டர்கள். மேல் டிவிஷனுக்கு அவர், கீழ் டிவிஷனுக்கு இவர். முப்பது வருடச் சிநேகிதம். அந்தச் சாவுச் செய்தியை நான்தான் இப்படிக் கொண்டுபோய் நடுவீட்டில் இறக்கியிருக்கிறேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்தப் பக்கம் புடிப்பா. காத்துட்டிருப்பாங்க."

வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வழி காட்டினார். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். இறந்தவரின் மகள் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "இதாங்க நீங்க வர்ற நேரம்?" வேலை போச்சு என்று நின்றேன். பெட்டியின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் குரல் கொடுத்தார்.

"அவரத் திட்டாத கண்ணு. உங்கப்பனுக்கு வர்ற தபாலெல்லாம் எப்பவும் மொதல்ல எங்க ஊட்டுக்குத்தான வரும்? பெட்டியும் அப்புடியே வந்திருச்சு. நானும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாறேன்."

அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே பெரியவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். காலையிலிருந்து அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பக்கத்தில் சொன்னார்கள்.

சாயங்காலம் அக்கா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதன்பின் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டேன். துக்க வீட்டில் யாராவது சிரித்துவிட்டால் மற்றவர்கள் முறைப்பார்கள். நான் முறைப்பதில்லை, ஏனென்றால் போனவரை நாளைக்கு அதிகம் தேடப்போகிறவர் அந்தச் சிரித்தவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றும்.