வளைவில் வந்த மரகதம்

வலது முழங்கையில் கட்டுடன் ஒருவன் பாங்க் வேலைக்குப் போனால் என்ன ஆகும்? கேள்விகள்தான். லாரியா, ஜீப்பா, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதா... கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டு இதைத்தான் விசாரித்தார்கள்.

உண்மையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. வாரா வாரம் படிக்கிற நீங்களாவது நம்புங்கள் — என் மேல் மோதியது என் மனைவி.

மரகதம் பீர்மேட்டுப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் வேலை. நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்க்காரன். அவள் பேசும் தமிழ் திருநெல்வேலிப் பக்கம் போகும். என்னுடையது கோயமுத்தூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் அதை வைத்தே நாளெல்லாம் சிரித்திருக்கிறோம்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் அதை எழுதியதில்லை. இப்போதும் அதிகம் எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு மரகதம் சமைத்தாள், வாசலில் கோலம் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான். டாக்டர் மருந்து ஒன்றும் எழுதித் தரவில்லை. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருக்கட்டும் என்றார்.

கொண்டுபோய் விட்டேன். ஒரு மாதம் கழித்து, ஒரு வார லீவில் அழைத்துவரப் போனேன். கோட்டயம் வரை ரயில், அப்புறம் மலையேறும் பஸ். வழியெல்லாம் ஒரே யோசனை... எப்படி இருப்பாள்?

வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார்.

"ஏனுங்க அத்தை, மரகதம் எங்கீங்க?"

தம்பியோடு ஃபாக்டரி ரோட்டுப் பக்கம் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள், நீங்கள் காப்பியைக் குடியுங்கள் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் உறுத்தியது. காப்பியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஃபாக்டரி ரோடு என்பது மேனேஜர் பங்களாவிலிருந்து ஃபாக்டரி வாசல் வரை இறங்கும் தார் ரோடு. நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. நான் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னாலிருக்கும் குறுக்குப் பாதையில் ஏறி, அந்த வளைவுக்குப் பக்கத்தில் ரோட்டைத் தொட்டேன்.

மேலேயிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நடந்து அல்ல, ஓடியும் அல்ல. நின்றபடியே வந்துகொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்களே, அந்தக் கெட்டித் துணியைச் சேலைக்கு மேல் கட்டியிருந்தாள். காலடியில் நீளமாக ஒரு பலகை. பலகைக்கு அடியில் சக்கரங்கள்.

நடு ரோட்டில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்த பார்வையை எடுக்கவே இல்லை. நேராக என் மேலேயே வந்தாள்.

இரண்டு பேரும் தேயிலைச் செடிக்குள் கிடந்தோம். கவாத்து வெட்டிய செடி. குச்சி ஒவ்வொன்றும் ஆணி. முழங்கை எரிந்தது. பக்கத்தில் மரகதத்தின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி எழுந்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நடு ரோட்டுல வந்து நின்னா நான் என்ன செய்ய? உங்களப் பாத்துட்டேம்லா. பாத்த எடத்துக்குத்தான அது வரும்."

ஒரு வருஷம் கழித்துக் கேட்ட சிரிப்பு. முழங்கை என்ன பெரிய முழங்கை?

கீழே ஃபாக்டரி வாசலில் ஜீப், லாரி வந்தால் நிறுத்துவதற்காக நின்றிருந்த அவள் தம்பி சேகர் தலைதெறிக்க ஓடி வந்தான். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறவன். லீவுக்கு வரும்போது அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் இந்தப் பலகையை வாங்கி வந்திருக்கிறான். ஸ்கேட் போர்டு என்று பேர். அங்கே பெரிய ஆட்களே இதில் நின்றுகொண்டு மலை ரோட்டில் இறங்குகிறார்களாம். நம் பிள்ளைகள் ஓட்டும் பேரிங் வண்டிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் பிடித்துக்கொள்ளக் கயிறும் கிடையாது, கம்பும் கிடையாது. உடம்பைச் சாய்த்தால் பலகை திரும்பும். அதுதான் ஸ்டியரிங்.

அக்காவுக்கு இதை எதற்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். தான் கொடுக்கவே இல்லை என்றான். கீழே நின்று வண்டி வருகிறதா என்று பார்க்க ஆள் இல்லாமல் அவளைக் கூட்டிப் போனானாம். சில நாள் சும்மா நின்று பார்த்தவள் ஒரு காலையில், "நான் ஏறட்டா?" என்று கேட்டிருக்கிறாள். இவன் சரி என்றிருக்கிறான். அவ்வளவுதான். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தபோதெல்லாம் மாமியார் ஒன்றும் கேட்காமல் மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறார்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. மறுநாள் நானும் ஏறுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன்? அவள் இருக்கும் இடத்தில் நானும் இருக்க வேண்டும் போலிருந்தது. வேறு காரணம் இல்லை.

சேகர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒரே வரி. "சும்மா நில்லுங்க மச்சான், அது போகும்." அது போனது. நான்தான் போகவில்லை. நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் பல பேருக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மரகதம் தட்டுத் தடுமாறிக் கற்றவள். எங்கே விழுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

"இடுப்ப வளைக்காதீங்க, முட்டிய மடக்குங்க" என்றாள். நான் இடுப்பை வளைத்தேன். பின்பக்கம் ஒரு திசையிலும் தலை ஒரு திசையிலும் போயிற்று. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்... மரியாதைக்காக.

லயத்துப் பக்கத்து லேசான சரிவில்தான் முதலில் பழகினேன். முன்காலில் பாரம் இருக்க வேண்டும். பயந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகை ஆடும். வேகத்தை வளைவுக்கு முன்பே ஒரு காலைத் தரையில் தேய்த்துக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போன பிறகு குறைக்கப் பார்த்தால் செடிதான். அப்புறம் தோள். தோளை முதலில் திருப்பினால் இடுப்பு வரும், இடுப்பு வந்தால் முட்டி வரும், முட்டி வந்தால் பலகை வரும். நான் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பலகை அசையவில்லை.

"பள்ளத்தப் பாக்காதீங்க. வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க" என்று கூடவே ஓடி வந்து சொன்னாள். எத்தனை தரம் சொன்னாள் என்று கணக்கில்லை. ஒரு தரம்கூடக் கோபப்படவில்லை.

ஒரு சாயங்காலம் களைத்துப்போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சு பஞ்சாக மூடுபனி ஏறி வந்தது. இதில் உனக்கு அப்படி என்ன அம்மிணி இருக்கிறது என்று கேட்டேன்.

"வந்தவுக எல்லாம் மறந்துரு மறந்துருன்னாங்க. எப்படி மறக்க? பிள்ளைலா. இதுல ஏறினா அந்த வளைவு மட்டுந்தான் தெரியும். கீழ போயி இறங்கினதும் அவ நெனப்பு வரும். வரட்டும். ஆனா மூச்சு விட முடியுது."

அவ என்றாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாக எங்கள் குழந்தையைப் பற்றி இரண்டு பேரும் பேசினோம். அவள் விரல்கள், அவள் கொட்டாவி... இருட்டும்வரை பேசினோம். ஊருக்குத் திரும்பும் முந்தின நாள் நான் வளைவை விழாமல் எடுத்தேன். மெதுவாக, மாட்டு வண்டி வேகத்தில்தான். ஆனாலும் முட்டி மடங்கியது, தோள் திரும்பியது, ரோடு என்னோடு சேர்ந்து திரும்பியது. இந்த வயதில் கைதட்டு வாங்குவது எவ்வளவு நன்றாக இருக்கிறது.

பஸ் ஏறும் முன் சேகரிடம் நன்றி சொன்னேன். அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "நான் என்ன செஞ்சேன் மச்சான், வண்டி பாக்க ஆள் கூப்பிட்டேன்" என்றான். கப்பலில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று பலகையை அக்காவிடமே கொடுத்துவிட்டான். பஸ் கூரையில் ஏற்றக் கூடாது என்று மரகதம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

சித்தூர் வந்த மறுநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா துக்க முகத்தோடு பார்க்க வந்தார். "ஒடம்பு தேவலையா அம்மிணி?" என்றார். மரகதம் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். ஊர்க்கதையெல்லாம் கேட்டாள். பிறகு மெல்ல, "ஏக்கா, இந்தப் பக்கம் மேடா ஒரு ரோடு இருக்கா?" என்றாள்.

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி — வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள். மேடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, வளைவு கட்டாயம் வேண்டுமாம்.