வலி இல்லை என்றவர்

அவர் தோளில் கிடந்த துண்டின் முனை நனைந்திருந்தது. முகம் துடைத்த ஈரமாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். பல் பதிந்து நூல் பிரிந்திருந்தது. திருப்பதியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக எத்தனையோ எக்ஸ்ரே பார்த்துவிட்டேன். அந்தத் துண்டு காட்டியதை அவற்றில் எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

நகரியில் விசைத்தறி ஓட்டுபவர். பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முந்தின நாள்தான் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். வார்டில் எல்லோருக்கும் அவர் நகரி அண்ணன். காலையில் டாக்டர் தெலுங்கில் கேட்டபோதும் வலி இல்லை என்றார், நான் தமிழில் கேட்டபோதும் இல்லை என்றார். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு ஊசிக்கு ஊரைக் கூட்டுவார். இவர் வாயே திறக்க மாட்டார். நல்ல நோயாளி என்று அவர் மனைவியிடம் நானே மெச்சினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

துண்டைப் பார்த்ததும் கட்டுக்கு வெளியே தெரிந்த கால் கட்டைவிரலை மெல்ல மேலே வளைத்தேன். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை. விரலிடுக்கில் தொட்டால் உணர்ச்சி இல்லை. பாதத்துக்கு ரத்தம் இறங்கட்டும் என்று காலுக்கு அடியில் உயரமாக அடுக்கியிருந்த தலையணைகளை உருவிவிட்டு, மாவுக்கட்டைப் பிளக்க வேண்டும் என்றேன். அப்போதுதான் பேசினார்.

“வேணா சிஸ்டர். கட்டு நல்லா கெட்டியா கீது. அவுத்தா எலும்பு நவுந்துடும். கோணக் காலோட தறிகிட்ட எப்டி நின்னுகினு இருப்பேன்?”

கட்டு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சீக்கிரம் எலும்பு கூடும் என்பது எங்கள் நகரிப் பக்கத்து நம்பிக்கை. நானும் அங்கே பிறந்தவள்தான். அந்த நம்பிக்கையில் மனிதர் வலியை முழுங்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். மனைவியும் என் கையைப் பிடித்துத் தடுத்தார். உள்ளே சதை வீங்கி, இடமில்லாமல் ரத்த ஓட்டம் அடைபடுகிறது, இன்னும் சில மணி நேரம் விட்டால் எலும்பு நேராக இருக்கும், கால்தான் இருக்காது என்று இருவரிடமும் பட்டென்று சொன்னேன். பூசி மெழுக நேரமில்லை.

டாக்டரை போனில் பிடித்தேன். காலையில் பார்த்தபோது பாதத்தில் நாடி துடித்ததே என்றார். நாடி நிற்கும்வரை காத்திருந்தால் கால் போய்விடும், நீங்களே வந்து விரலை வளைத்துப் பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார், மாவுக்கட்டு வெட்டும் ரம்பம் கேட்டார். கட்டைப் பிளந்தும் வலி அடங்காததால் மதியத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், கெண்டைக்காலின் இரு பக்கமும் கீறி, உள்ளே இருந்த அழுத்தத்தை இறக்கினார்கள். கால் தப்பியது.

இப்போதெல்லாம் வலி இல்லை என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. விரலை வளைத்தபடி முகத்தைப் பார்க்கிறேன். போன மாதம் அண்ணன் பரிசோதனைக்கு வந்திருந்தார். காலில் நீளமாக இரண்டு தழும்புகள். லேசாகச் சாய்ந்து நடக்கிறார், தறி ஓட்டுகிறார். வலிக்கிறதா என்று கேட்டேன். மனைவியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“ரொம்ப நேரம் நின்னா வலிக்குது சிஸ்டர். எங்கன்னு காட்டட்டுமா?”