சிவப்பு வற்றிய நாட்கள்

புளியங்கூடலில் வேலி அடைக்க ஆள் பிடிப்பது இப்போது குதிரைக்கொம்பு. அதனால் அந்த வருடம் நானும் அக்காவுமே இறங்கினோம். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. பனையோலை வேலியில் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று குத்தூசியால் கயிறு கோத்துக் கட்ட வேண்டும்; ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கறுப்புப் புள்ளி விழுந்த பழைய ஓலை ஒன்று இறுகிக் கிடந்தது. "பொறடி, நான் அவிழ்க்கிறன்" என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. ஒரே தள்ளாகத் தள்ளினேன். ஓலை நுனி அவளுடைய வலது கண்ணைக் கீறிவிட்டது.

அடுத்த நாள் கண் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தது. எனக்குக் கண் ஒப்பரேசன் செய்தபோது தந்த சொட்டுமருந்து பிரிட்ஜில் மிச்சம் இருந்தது.

"இதை விடுவம் அக்கா. எனக்கு உடனை சிவப்பு வத்தினது."

நானே இமையைப் பிரித்து, நாளுக்கு மூன்று வேளை மருந்தை விட்டேன். இரண்டு நாளில் சிவப்பும் போனது, நோவும் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினேன்.

பிறகு வந்த நாட்கள் சத்தமில்லாதவை. அக்கா தேநீர்க் கோப்பையை மேசைக்கு வெளியே வைத்து இரண்டு தரம் உடைத்தாள். நான் ஏசினேன். ஒரு காலை வெளிச்சத்தில் அவளுடைய கருவிழியைப் பார்த்தேன். பழைய பாண் ரொட்டியில் பூப்பது போல, ஓரம் பிசிறிய ஒரு வெள்ளை. மறுநாள் பார்த்தபோது அது பெருத்திருந்தது. கண் கொஞ்சமும் சிவக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி கண்ணைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தாள். நாங்கள் கொண்டுபோன சொட்டுமருந்துப் போத்தலையும் வாங்கிப் பார்த்தாள்.

"பூஞ்சணம், அம்மா. ஓலையிலை இருந்து வந்திருக்கும்."

"அப்ப ஏன் சிவப்பு வத்தினது?"

"கண் சிவக்கிறது, உடம்பு சண்டைக்கு ஆள் கூப்பிடுறதாலை. ஆள் கூப்பிடவும் அடக்கவும் எங்கட உடம்பு கொழுப்பிலை இருந்து சில பொருள் செய்யும். சில பூஞ்சணங்களும் அதே மாதிரிச் செய்யும். எங்கட கலத்துக் கொழுப்பை எடுத்தே செய்யிறதும் இருக்கு. காவலுக்கு வந்த கலங்கள் அதாலை மந்தமாகும். நீங்கள் விட்ட மருந்தும் காவலை அடக்கிற மருந்துதான்."

"அப்ப அது எங்கட குரலிலையே கதைக்குமோ?"

"கிட்டத்தட்ட ஓம்."

நாங்கள் சாப்பிட்டுப் படுத்து எழும்பிய அந்த வீட்டிலேயே, அக்காவின் கண்ணுக்குள் இருந்து, அவளுடைய குரலிலேயே ஒன்று 'இங்கே ஒன்றுமில்லை, திரும்பிப் போங்கள்' என்று காவலிடம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதற்கு நாளுக்கு மூன்று வேளை துணை போயிருக்கிறேன்.

"ஆர் இந்த மருந்தை விட்டது?" என்று டொக்டர் கேட்டாள்.

நான் வாய் திறக்க முதல் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தான் எடுத்து விட்டனான்."

புது மருந்தை மணிக்கொரு தரம் விட்டார்கள். கண் கேட்கவில்லை. கண்ணை எடுக்காவிட்டால் பூஞ்சணம் உள்ளே பரவும் என்றார்கள். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாட்டில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"என்னாலைதான் அக்கா. நோ நிண்டிட்டுது எண்டு நீ சொன்னபடியால் நானும் பேசாமல் இருந்திட்டன்."

"நோ ரெண்டு நாள்தான் இல்லாமல் இருந்தது. பிறகு திரும்பி வந்திட்டுது. நீ அவ்வளவு சந்தோசமாத் திரிஞ்சாய். அதாலை சொல்லேல்லை."

அடுத்த நாள் காலை கண்ணை எடுத்தார்கள்.