காது அக்கா

விமானப் படைத்தளத்து மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் 'காது அக்கா'. விமானிகளுக்குக் காது எப்படிக் கேட்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பது அவள் வேலை. பஞ்சு பதித்த சின்ன அறைக்குள் விமானி ஹெட்போன் மாட்டி உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அக்கா ஒலியைக் கூட்டிக் குறைத்து அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். இவள் மேசையில் விளக்கு எரியும்.

வாய் சும்மா இருக்காது. "ஹெல்மெட்டுக்குள்ள காதடைப்பான் வெச்சீங்களா? கூலிங் கிளாஸ் கம்பி இடுக்குல இன்ஜின் சத்தம் பூந்துடும், தெரியும்ல?" என்று எல்லோரையும் வறுத்தெடுப்பாள். ஒரே ஒரு ஹெலிகாப்டர் விமானிக்கு மட்டும் விலக்கு. ஒலியை எவ்வளவு குறைத்தாலும் அவருக்கு விளக்கு எரியும். 'பாம்புக்காது' என்று பட்டம் கொடுத்தவளே அவள்தான். அடைப்பான் வைத்தால் ரேடியோ கேட்காது என்று அவர் சாக்குச் சொல்வார். அவளும் ஆறு வருடமாகக் கண்டுகொள்ளவில்லை.

இந்த வருடமும் விளக்கு ஒன்று விடாமல் எரிந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் பார்த்தாள், ஹெட்போன் ஒயர் கழன்று தொங்கியது. காலையில் துடைக்கும்போது பிடுங்கியவள் திரும்பச் செருகவே இல்லை. அப்படியானால் இவர் எதைக் கேட்டு அழுத்தினார்?

கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடி இன்னொரு ஒலி அனுப்பினாள். அவள் விரல் அழுத்தியபோது அவளுடைய மோவாயும் லேசாக மேலே போனது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஒயரைச் செருகிவிட்டு, உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "இன்னொரு தடவை, தம்பி." அவர் முகம் சுருங்கிவிட்டது. கீச்சென்ற ஒலி. பதினைந்து டெசிபலில் எரிய வேண்டிய விளக்கு முப்பதில் எரியவில்லை, ஐம்பதிலும் இல்லை. அறுபத்தைந்தில் எரிந்தது.

அவள் மறுபடி உள்ளே போனாள். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"எப்பல இருந்து?"

"ரெண்டாவது வருஷத்துல இருந்து. உங்க தாடையப் பாத்துத்தான் அழுத்தினேன். எழுதிட்டா பறக்க விட மாட்டாங்க அக்கா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. அன்றைக்கே நாற்காலியைத் திருப்பியிருந்தால் பாதிக் காதாவது தப்பியிருக்கும்.

"மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்தணும் தம்பி" என்றாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். கூடக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அப்போதும் அவர் அசையவில்லை.

முன்னால் போய், அவருக்கு உதடு தெரியும்படி குனிந்து மறுபடி சொன்னாள். பிறகு தாளில் அறுபத்தைந்து என்று எழுதினாள்.