ஒரு ஆள் சுற்றும் சக்கரம்

வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பொருளைச் செய்து கொடுத்த பிறகுதான் அதன் வேலை நமக்கு ஆரம்பிக்கும்.

அழகான சக்கரம்

மண்டபத்தூர் கலையரசனும் அவர் மனைவியின் தம்பிகள் இருவரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அதை அலைக்கு எட்டாமல் மணலில் இழுத்து ஏற்ற ஒரு வின்ச் கேட்டார்கள். ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றும் கயிறு, உருளையைத் திருப்ப ஒரு கைச்சக்கரம், அவ்வளவுதான். சக்கரம் சின்னதாக, பார்வையாக இருக்கட்டும் என்றார் கலையரசன். பெரிதாகப் போட்டால் சுற்றச் சுலபம் என்றேன். மூன்று ஆம்பிளைகள் இருக்கிறோமே என்றார்.

மூன்று பேரும் தொங்கினால்தான் அது அசைந்தது. சின்ன மச்சினன் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று படகு கரையேறவில்லை. என்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. இன்னொரு தடவை நனைந்தால் தேறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். கலையரசன் போனில் சொன்னார்: "சக்கரம் அழகாத்தான் இருக்குண்ணே. படகுக்குத்தான் அது புடிக்கல."

இடுப்பு

அதே உருளையில் மூன்று மடங்கு அகலமான சக்கரத்தை மாட்டினேன். மூன்று பேர் பலத்துக்கு ஒருவர் பலம் போதும். ஆனால் கை அதே அளவுக்குக் கூடுதல் தூரம் போய்வர வேண்டும். எட்டிப் பிடித்து, குனிந்து விட வேண்டும். பெரிய மச்சினன் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கலையரசனிடம் சொன்னார்: "கை நோவ எடுத்து இடுப்புல வச்சிட்டாரு மாமா."

ஒரே கருத்து

கடல் கொந்தளித்த ஒரு மாலை, படகு இன்னும் தண்ணீரிலேயே கிடப்பதாகக் கலையரசன் மனைவி செல்வி போன் செய்தார். வெல்டிங் விட்டுவிட்டது என்று பயந்து ஓடினேன். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. மூவரும் அதைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் போதும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அந்த ஆள் யார் என்பதில்தான் இல்லை. அலை படகின் பின்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

செல்வி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். யாரையும் எதுவும் கேட்காமல், தானே சுற்றிப் படகை ஏற்றினார். என்ஜின் நனையவில்லை. மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்: "அண்ணே, அந்தச் சின்னச் சக்கரத்தையே மாட்டிக் குடுங்க. மூணு பேரும் புடிக்காம அசையக் கூடாது. இனிமே கல்யாணத்துக்கெல்லாம் நான் போயிக்கிறேன்."

பெரிய சக்கரம் இப்போது என் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சுற்ற எளிது என்பதைத் தவிர அதன்மேல் வேறு குறை எதுவும் இல்லை.